தொங்காத கை

அத்தியாயம் ஆறு

மேடத்துக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குத்தான் ரத்தம் கொதிக்கிறது.

"மனசுக்கு அமைதி தர்ற மாதிரி ஏதாவது பொழுதுபோக்கு வெச்சுக்குங்க" என்றார் அந்தப் புண்ணியவான். செடி வளர்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், சும்மா படுத்துத் தூங்கலாம். எங்கள் துப்பறியும் நிறுவனத்தின் தலைவி என்ன செய்தார்? தெருக்கோடிப் பொம்மைக் கடைக்குப் போய், முப்பது வருஷத்துக்கு முந்தைய பிளாஸ்டிக் ரோபோ மாடல் ஒன்றை வாங்கி வந்தார். நூற்றுப் பதினெட்டு பாகங்கள். எல்லாம் பிளாஸ்டிக் சட்டங்களில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, பசை தடவி, காயும்வரை பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். இப்போது வரும் மாடல்கள் அழுத்தினாலே பொருந்திவிடுமாம். இது பழசு. ஒட்டினால் ஒட்டினதுதான், பிரித்தால் உடைந்துபோகும்.

ஐந்து நாளாக ஆபீஸ் முழுக்க நீலப் பிளாஸ்டிக் சில்லு. நாற்காலியில் சில்லு, கோப்புகளில் சில்லு. காலையில் என் டீயில் ஒன்று மிதந்தது.

திங்கட்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு அந்த ரோபோவின் வலது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டிப் படத்தில் அது கையை உயரத் தூக்கி வீராப்பாக நிற்கும். மேடம் கையைத் தூக்கி விட்டார். இரண்டு விநாடி நின்றுவிட்டு மெதுவாகக் கீழே வந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி வந்தது.

"சனியனே, நில்லு" என்றார்.

"மனசு அமைதியா இருக்கா மேடம்?"

"வாயை மூடு, அவசரம்."

என் பெயர் அவசரம் இல்லை. எனக்கு முப்பத்தாறு வயது, முன்மண்டையில் முடி கொட்டிவிட்டது, வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. பாதி கேட்டதும் முடிவுக்குத் தாவிவிடுகிறேன் என்று மேடம் சூட்டிய பட்டம் இது. இப்போது என் அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

மேடம் என் மேஜைப் பக்கம் கையை நீட்டி ஒரு தாளை எடுத்தார். ஓரத்தை விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்தார். ரோபோவின் கையைக் கழற்றி, தோள் முளையைச் சுற்றி அந்தத் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, குழிக்குள் அழுத்தினார். கையைத் தூக்கி விட்டார். நின்றது.

"பழைய மாடல்ல தோள் லூசாத்தான் இருக்கும். உள்ள பேப்பர் கொடுத்தா சரியாயிடும். நியூஸ்பேப்பர் வெச்சுப் பார்த்தேன், நசுங்கிப்போச்சு. இது நல்ல தடிமன்."

"அது என் லீவ் லெட்டர் மேடம்."

"அப்படியா? நல்ல பேப்பர்ல எழுதியிருக்கே."

சனி, திங்கள் இரண்டு நாள் லீவ் கேட்டு வெள்ளிக்கிழமையே கொடுத்த லெட்டர் அது. கீழே 'பார்த்தேன்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி என் மேஜையில் திருப்பி வைத்திருந்தார். பார்த்தேன் என்றால் என்ன அர்த்தம்? கொடுத்தேனா, மாட்டேனா? அது புரியாமல் சனிக்கிழமையும் வந்தேன், இன்றும் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். நாலு கடை தள்ளித் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. கழுத்தில் இன்ச் டேப், கையில் காலர் வைக்காத சட்டை. தைத்துக்கொண்டிருந்ததைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் வந்திருக்கிறாள்.

"அஞ்சு மணிக்கு என் தம்பிக்கு விசாரணை" என்றாள். "காணாமப் போன ஒரு பக்கம் அதுக்குள்ள கிடைக்கணும். இல்லைன்னா லைசென்ஸ் போச்சு, போலீஸ் கேஸு, ஜெயிலு."

அவள் தம்பி லிஃப்ட் மெக்கானிக். இதே தெருவில் இருக்கும் ஒன்பது மாடிக் கட்டடத்தில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே லிஃப்ட் இரண்டாவது மாடியிலிருந்து விழுந்து, உள்ளே இருந்த ஒரு பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்த விஷயம் தெருவுக்கே தெரியும்.

"வியாழக்கிழமையே பிரேக் தேஞ்சுபோச்சு, ஓட்டக் கூடாதுன்னு பராமரிப்பு நோட்டுல எழுதிட்டான்" என்றாள் அக்கா. "மேனேஜர் அதுக்குக் கீழ பச்சை மையில 'பார்த்தேன்'னு எழுதினாரு. இப்ப அந்தப் பக்கமே நோட்டுல இல்லை. எழுத மறந்துட்டு, மாட்டிக்குவோம்னு பயந்து இவனே கிழிச்சுட்டான்னு மேனேஜர் சொல்றாரு."

பார்த்தேன். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் ரோபோவைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் எப்ப வரைக்கும் நோட்டுல இருந்துச்சு?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை காலைல ஒன்பதரைக்குத் தம்பி லிஃப்ட் அறைக்குப் போய்ப் பார்த்திருக்கான். இருந்துச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆய்வு அதிகாரி திறந்து பார்த்தப்ப இல்லை."

"ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே" என்றேன்.

"எடுத்திருக்கலாம். எடுக்கலை. அவனுக்கு உலகத்துல எல்லாரும் நல்லவங்க. அதைத் திட்டித் திட்டியே என் தொண்டை போச்சு." அவள் அந்தச் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மேனேஜர்தான் கிழிச்சிருக்கணும். ஆனா அவர் சனிக்கிழமை முழுக்க வீட்டுல இருந்தேங்கிறாரு. பத்து மணிக்கு ஏதோ பழைய ரோபோ பொம்மை வாங்கினாராம், நாள் பூரா வீட்டுல உக்காந்து அதைக் கட்டினாராம். கட்டி முடிக்க ஆறு ஏழு மணி நேரம் ஆகும்னு கடைக்காரர் எழுதியே கொடுத்துட்டாரு. பொம்மையைக் கொண்டுவந்து சாட்சி மாதிரி மேஜை மேல வெச்சிருக்காரு."

"வீட்டுல யாரும் பார்க்கலையா?"

"சம்சாரம் ஊர்ல இல்லை."

"அந்தக் கட்டடத்துக்குப் பின்வாசல் உண்டா?"

"உண்டு. சாவி மேனேஜர்கிட்டதான். ஆனா நாள் பூரா பொம்மை கட்டினவரு எப்படி அங்க வந்திருப்பாரு?"

மேடம் பசை டியூபை மூடினார். ஐந்து நாளில் முதல் தடவையாக அதை மூடுகிறார்.

* * *

"கேஸ் முடிஞ்சுது மேடம்" என்றேன் நடந்துகொண்டே. "கடையில கட்டி வெச்ச ஷோ பீஸ் ஒண்ணு இருக்குமில்ல? பெட்டியோட அதையும் வாங்கியிருப்பான். பெட்டி பில்லுக்கு, ஷோ பீஸ் சாட்சிக்கு."

பொம்மைக் கடைக்குள் நுழைந்ததுமே என் மூஞ்சியில் கரி. கண்ணாடி அலமாரியில் மஞ்சள் ரோபோ ஒன்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் தலையில் இருந்த தூசிக்கு வயது நாலைந்து வருஷம் இருக்கும்.

"ஷோ பீஸ் இது ஒண்ணுதான், இதை யாருக்கும் கொடுக்கறதில்லை" என்றார் கடைக்காரர். நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிய மனிதர். "அந்த மாடல்ல ரெண்டு பெட்டிதான் மிச்சம் இருந்துச்சு. நீலம் நீங்க வாங்கினீங்க. சிவப்பை அந்த மேனேஜர் சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்கினாரு."

மேடம் மஞ்சள் ரோபோவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெதுவாகச் சிவந்தது.

"இதோட முட்டி மனுஷன் மாதிரி முன்னால இருக்கு. என்னோடது ஏன் கொக்கு மாதிரி பின்னால மடங்குது?"

கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "விளக்கத் தாள்ல பதினாலாம் நம்பரும் பதினஞ்சாம் நம்பரும் மாத்தி அச்சாயிருக்கு மேடம். தாளைப் பார்த்து முதல் தடவை கட்டுற எல்லாருக்கும் கொக்குக் கால்தான் வரும். எனக்கும் முதல்ல கொக்குதான் வந்துச்சு."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வாயைத் திறந்தேன். நீங்க 'எனக்குத் தெரியும்'னுட்டுப் போயிட்டீங்க."

இரண்டு நாள் உட்கார்ந்து அந்தக் கால்களை ஒட்டினார் மேடம். பிரிக்கவும் முடியாது. டாக்டர் இப்போது அவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தால் கருவியே வெடித்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, வேலை போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன்.

"மேனேஜர்கிட்ட இதைச் சொன்னீங்களா?" என்று கேட்டார் மேடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவரும் நிக்கலை மேடம். உங்களை மாதிரியே."

வெளியே வந்ததும் நான் தாவினேன். "இப்பப் புரிஞ்சுது மேடம். மேனேஜர் ரோபோவுக்குக் கால் சரியா இருந்தா, அது அவன் கட்டினது இல்லை. விஷயம் தெரிஞ்ச எவனோ கட்டிக் கொடுத்திருக்கான்."

"இந்த ஒரு தடவை உன் அவசரம் சரி" என்றார் மேடம். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

* * *

ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். மாடிப்படியில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். கிரீஸ் போகாத இரண்டு கைகளையும் முட்டிக்கு நடுவில் செருகிக்கொண்டு, விசாரணைக்குச் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தான். அக்கா அவனைத் தாண்டி எங்களோடு மேலே வந்தாள்.

மேனேஜர் அறை முதல் மாடியில். கம்பளம் விரித்த அறை. ஆய்வு அதிகாரி ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விழுந்த லிஃப்ட்டைச் சனிக்கிழமை காலை பதினொன்று முதல் சாயங்காலம் வரை, பின்வாசல் பக்கம் தன் ஆட்களோடு உட்கார்ந்து சோதித்தவர் அவர்தான். களைத்துப்போயிருந்தார். மேனேஜர் களைக்கவில்லை. படிய வாரிய தலை, சட்டைப்பையில் பச்சைப் பேனா, முகத்தில் வரவேற்புச் சிரிப்பு.

மேஜையை நெருங்கும்போது என் செருப்பில் ஏதோ குத்தியது. குனிந்து பிடுங்கினேன். பட்டாணி அளவு சிவப்புப் பிளாஸ்டிக்.

"உங்க ரோபோ என் செருப்புலயே குடித்தனம் பண்ணுது மேடம்" என்று முணுமுணுத்து, கம்பளத்தில் போட மனமில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சிவப்பு ரோபோ மேஜை நடுவில் கையை உயரத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் காலைப் பார்த்தேன்.

கொக்கு. இரண்டு முட்டியும் பின்னால் மடங்கிய அசல் கொக்கு.

எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. தாளைப் பார்த்து, தாளில் இருந்த தப்போடு, தானே கட்டியிருக்கிறான். முதல் தடவையாகக் கட்டியிருக்கிறான். அப்படியென்றால் ஆறு ஏழு மணி நேரம் ஆகியிருக்கும். நாங்கள் அலைந்து திரிந்து கண்டுபிடித்த ஒரே துப்பு, அவனுக்குச் சாட்சி சொல்லிவிட்டது. மணி நாலே முக்கால்.

"நல்லாப் பார்த்துக்குங்க" என்றார் மேனேஜர். "ஒவ்வொரு பாகமும் நான் ஒட்டினது. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு இங்க வந்தப்பகூட விரல்ல பசை இருந்துச்சு. சாரே பார்த்தாரு."

அதிகாரி தலையை ஆட்டினார்.

"என்ன ஆச்சு?" என்று அக்கா என்னைக் கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மேடம்தான் சொன்னார். "அவரேதான் கட்டியிருக்காரு. அதுல பொய் இல்லை."

"அப்ப என் தம்பி?" அவள் இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து இழுத்து முஷ்டியில் சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்கள் வெளுத்துப்போயின. "பார்க்கறீங்க, போறீங்க. எல்லாரும் இதையேதான் பண்றீங்க."

மேடம் நகர்ந்தார். வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்து ரோபோவின் எதிரில் குனிந்தார்.

"சார், ஒரு சந்தேகம். எனக்கும் இதே மாடல், நீலம். அஞ்சு நாளா உயிரை வாங்குது. தோள் லூசு. உங்களுக்கு மட்டும் கை எப்படித் தொங்காம நிக்குது?"

மேனேஜரின் முகம் மலர்ந்தது. அதுவரை இருந்தது வரவேற்புச் சிரிப்பு. இது உள்ளேயிருந்து வந்தது. அந்தக் கையைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று மனிதர் இரண்டு நாளாகக் காத்திருந்திருக்கிறார்.

"அதுக்கு ஒரு வழி இருக்கு மேடம். எனக்கும் முதல்ல தொங்கிட்டேதான் இருந்துச்சு. எனக்கு மனசே கேக்கலை. முளையைச் சுத்தி ரெண்டு சுத்து பேப்பர் கொடுத்தேன், நின்னுடுச்சு."

"நியூஸ்பேப்பரா?"

"சேச்சே, அது நசுங்கிடும். கொஞ்சம் தடிமனா, கோடு போட்ட..."

நிறுத்திக்கொண்டார். அதிகாரி டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கோடு போட்ட என்ன பேப்பர் சார்?" என்றார் மேடம், ரொம்ப மரியாதையாக.

"ஞாபகமில்லை. ஏதோ ஒண்ணு."

"கையைக் கழட்டினா தெரிஞ்சிடும்."

"ஒட்டியிருக்கேன். உடைஞ்சிடும்."

"தோள்ல பசை போடக் கூடாதுன்னு விளக்கத் தாள்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கு சார். அந்தத் தாள்ல ஒழுங்கா அச்சான விஷயம் அது ஒண்ணுதான்."

மேனேஜரின் கை ரோபோ பக்கம் போனது. அதிகாரியின் கை அதற்கு முன்னால் போய்விட்டது. அவர் ரோபோவை ஒரு கையால் பிடித்து, தோளை மெதுவாகத் திருகி இழுத்தார். கை கழன்று வந்தது. முளையைச் சுற்றி இறுக்கமாக ஒரு காகிதச் சுருள். நகத்தால் நெம்பிப் பிரித்து மேஜையில் வைத்து நீவினார்.

விரல் அகலத் துண்டு. வெளிர்மஞ்சள் தாள், மெல்லிய கோடுகள். நீலப் பேனாவில் 'தேய்ந்துவிட்டது. ஓட்டக் கூடாது' என்று முடிகிற ஒரு வரி. அதற்கு நேர் கீழே பச்சை மையில் ஒரே ஒரு வார்த்தை.

பார்த்தேன்.

"இது வந்து... இது எப்படியோ என் வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"வீட்டுக்கு இல்லை" என்றார் மேடம். "நீங்க கட்டினது நிஜம். நாள் பூரா கட்டினதும் நிஜம். வீட்டுல கட்டினதுதான் பொய். அவசரம், சட்டைப்பையில போட்டதை எடு."

எடுத்து வைத்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் ஆபீஸ் குப்பை நீலம். இது சிவப்பு.

"சட்டத்துலேர்ந்து வெட்டி எடுக்கறப்பதான் இப்படிச் சில்லு விழும். கட்டி முடிச்ச ரோபோவைக் கொண்டுவந்து வெச்சா விழாது. கம்பளத்தைத் தூக்குங்க சார்."

அதிகாரி மேஜைக்கடியில் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி உதறினார். சிவப்பாகப் பத்துப் பதினைந்து சில்லுகள் தரையில் உருண்டன.

"கடையிலேர்ந்து பெட்டியும் கையுமா பின்வாசல் வழியா வந்தீங்க. பக்கத்தைக் கிழிச்சீங்க. வெளியே போறதுக்குள்ள சாரோட ஆட்கள் பின்வாசல்ல வந்து உக்காந்துட்டாங்க. முன்வாசல்ல வாட்ச்மேன். மாடியேறி இந்த ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டீங்க. அஞ்சு மணிக்கு எல்லாரும் நோட்டைப் பார்க்கக் கூடினப்ப, பின்னால இறங்கி முன்னால வந்தீங்க. அதுவரைக்கும் என்ன பண்றது?"

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார்.

"பதற்றம் தாங்கலை. கையில இந்தப் பெட்டிதான் இருந்துச்சு. கட்டிட்டே இருந்தா கை நடுங்காம இருந்துச்சு. மீதிப் பக்கத்தையெல்லாம் வீட்டுல எரிச்சுட்டேன். இதை மட்டும்... உள்ளதானே இருக்கு, எவன் பார்க்கப் போறான்னு விட்டுட்டேன்."

"எடுத்தா கை தொங்கிடும்" என்றார் மேடம்.

"ஆமா" என்றார் மேனேஜர். பாவி, அந்த நேரத்திலும் கழன்று கிடந்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா வாசலுக்கு ஓடித் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் உள்ளே வந்து அந்தத் துண்டைப் பார்த்தான். கிரீஸ் படிந்த விரலால் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டான். அவன் துள்ளுவான், மேனேஜர் சட்டையைப் பிடிப்பான் என்று நான் எதிர்பார்த்தேன். வழக்கம்போலத் தப்பு.

"'நாளைக்கு மேல் மாடியில விசேஷம், லிஃப்ட்டை நிறுத்த முடியாது'ன்னு வியாழக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே சண்டை போட்டு நிறுத்தியிருப்பேன் சார்" என்றான். "நீங்க 'பார்த்தேன்'னு எழுதினீங்க. பார்த்துட்டாரே, நிறுத்திடுவாருன்னு நான் வீட்டுக்குப் போயிட்டேன். அந்தம்மா இடுப்பொடிஞ்சு கிடக்கறாங்க சார்."

அதிகாரி அந்தத் துண்டை ஒரு உறைக்குள் போட்டு ஒட்டினார். அக்கா தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடுத்த நொடி அந்த முதுகிலேயே முகத்தை வைத்து அழுதாள். சலவைச் சட்டை நனைந்தது.

ஆபீசுக்கு வந்ததும் மேடம் நீல ரோபோவின் தோளைத் திருகி, என் லீவ் லெட்டரின் துண்டை உருவினார். கை தொப்பென்று தொங்கியது. துண்டை மேஜையில் நீவி, மீதி லெட்டரோடு சேர்த்து வைத்து, 'பார்த்தேன்' என்பதை இரண்டு தடவை அழுத்தி அடித்தார். பக்கத்தில் 'அனுமதித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தா. இனிமே பார்த்தேன்னு மட்டும் யாருக்கும் எழுத மாட்டேன்."

நன்றி சொல்ல வாயைத் திறந்தபோதுதான் தேதியைப் பார்த்தேன். சனி, திங்கள். திங்கட்கிழமை சாயங்காலம் மணி ஆறு.